மூன்று அவத்தைகள்

தொழிற்சாலை மோட்டரின் வேகத்தை ஆளும் ட்றைவ் சுமையேறியதும் நின்றுவிடுமாயின் பலரும் அக்கருவியையே பழிப்பர். நாம் முதற்கண் ஐயுறவேண்டுவது அதற்கு வரும் மின்சாரத்தையே. அது 400 வோல்ற்று மூவவத்தை மின்சாரத்தை ஏறத்தாழ 565 வோல்ற்று நேரோட்டமாக்கிக் கொள்ளளவிகளிற் சேமிக்கின்றது. உருகி எரிந்தோ திருகு தளர்ந்தோ ஓரவத்தை அற்றுப்போனால் (துன்பத்தையும் அவத்தை என்போமன்றோ!), நமது 50 சுற்று மின்சாரத்தில் செக்கனுக்கு 300 முறை நிரம்பிய கொள்ளளவி 100 முறையே நிரம்பும், சுமை மிகுந்தவிடத்து அழுத்தம் தாழ்ந்து கருவி நிற்கும்.

தளர்ந்த இணைப்பு, ஓட்டமில்லாதபோது முழு அழுத்தத்தையே காட்டும். ஆதலின் தேர்ந்த மின்வினைஞர் சுமையோடு ஓடும்போதே, கருவியின் வாயிலில், மூன்று அவத்தைகளுக்கிடையிலும் அளப்பர். மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் கொள்ளளவிகளில் உயிர்கொல்லும் அழுத்தம் சில நிமிடம் எஞ்சும்; அது தணிந்ததை அளந்தறியுமுன் மாணாக்கர் கைவைத்தலாகாது.