நஞ்சேறிய வயலும் அதனைத் திருத்தும் செலவும்

வயலிற் களை மண்டினாலும் பூச்சி விழுந்தாலும் கமக்காரர் அதனைக் கண்ணாற் கண்டு பரிகாரம் தேடுவர். மண்ணிற் கலந்த உலோக நஞ்சோ கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பயிர் பச்சையாகவே நிற்கும், கதிரும் முற்றும், சோற்றின் சுவையும் மாறாது. இத்தகைய நஞ்சு வயல்களில் எவ்வாறு சேருகின்றது, அதனை நீக்க எவ்வளவு காலமும் பணமும் வேண்டும் என்பவற்றை யப்பான் நாட்டுக் கமக்காரரின் அனுபவத்தைக் கொண்டு இங்கு விளக்குவோம்.

ஜின்சூ ஆற்று வயல்கள்

யப்பானின் தோயாமா மாகாணத்தில் ஜின்சூ ஆற்று நீரைக் கொண்டு நெல் விளைவிக்கப்படுகின்றது. ஆற்றின் மேற்பகுதியிற் கமியோக்கா என்னுமிடத்தில் நாகமும் ஈயமும் எடுக்கும் சுரங்கம் இருந்தது. நாகத் தாதுவுடன் கட்மியம் என்னும் உலோகமும் சேர்ந்திருப்பது இயல்பு. தாதுவைப் பிரித்தபின் எஞ்சிய கழிவு ஆற்றிற் கலந்தது; அந்நீர் வாய்க்கால் வழியே வயலை அடைந்தது; வயல் மண் கட்மியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது; நெற்பயிர் அதனை வேரால் உறிஞ்சி மணியிற் சேர்த்தது.

அந்நெல்லை உண்டும் அந்நீரைக் குடித்தும் வந்தோருட் பலர், சிறப்பாகப் பிள்ளைகள் பலரைப் பெற்று நடுவயது கடந்த பெண்கள், சிறுநீரகங் கெட்டு எலும்பு மெலிந்து வருந்தினர். சிறிது அசைந்தாலும் எலும்பு முறிந்தது. நோவு தாங்காது அவர்கள் அலறிய "இத்தாய், இத்தாய்" என்னும் சொல்லே நோயின் பெயராயிற்று. சுரங்கக் கட்மியமே இதற்குக் காரணமென 1968 ஆம் ஆண்டில் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. 1972 ஆம் ஆண்டில் மேல்நீதிமன்றமும் நோயாளர் பக்கமே தீர்ப்பளித்தது.

நிபுணரின் ஆய்வு

தீர்ப்பைப் பெற்றதோடு அவ்வூர்க் கமக்காரர் அமைந்துவிடவில்லை. தாங்கள் தெரிந்த விஞ்ஞானிகளுடன் சுரங்கத்தினுட் சென்று சோதிக்கும் உரிமையைக் கம்பெனியிடம் எழுத்திற் பெற்றனர். அச்சோதனையின் செலவைக் கம்பெனியே ஏற்றது. ஆண்டுதோறும் நடைபெற்ற இச்சோதனையால் கழிவு கசியும் இடங்கள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன. ஆற்று நீரின் கட்மியம் இயற்கையான அளவை அண்மித்தது.

ஆயினும் நீர் தெளிந்தமையால் மண் தெளிந்துவிடவில்லை. கட்மியம் மக்கி அழியும் பொருளன்று, தானாக மறைந்துபோவதுமில்லை. அக்காலத்துச் சட்டப்படி, தீட்டாத அரிசி ஒரு கிலோகிராமில் 1 மில்லிகிராமும் அதற்கு மேலும் கட்மியம் காணப்பட்ட இடங்களைக் கொண்டு, ஏறக்குறைய 1,500 ஹெக்டேயர் நிலம் மாசுற்றதெனப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

திருத்தியமைத்த செலவு

வயலின் மேல்மண்ணை ஆழத்திற் புதைத்தும், வேற்றிடத்து நன்மண்ணைக் கொணர்ந்து மேலே பரப்பியும் நிலத்தைத் திருத்தினர். 1979 இல் தொடங்கிய வேலை 2012 இல் முடிவுற்றது. திருத்தப்பட்டது 863 ஹெக்டேயர், அதாவது ஏறக்குறைய 2,130 ஏக்கர். சென்ற பணம் ஏறக்குறைய 4,070 கோடி யென். கணக்கிட்டுப் பார்த்தால் ஏக்கர் ஒன்றுக்கு 1 கோடியே 90 இலட்சம் யென் வரையிலாகும். ஒரு பகுதியைக் கம்பெனி கொடுத்தது. எஞ்சியதைப் பொதுப்பணமே தாங்கியது.

யப்பானிய நிபுணர் குழுவொன்று 1991 இல் இவ்விடயத்தை மதிப்பிட்டது. அதன்படி ஜின்சூ ஆற்றுப் பிரதேசத்தில் ஏற்பட்ட நட்டம் ஆண்டுக்கு ஏறக்குறைய 250 கோடி யென். மாசைத் தடுப்பதற்கான செலவோ ஆண்டுக்கு ஏறக்குறைய 60 கோடி யென். தடுத்தற்கு ஒரு பங்கு எனின், பின்னர் வருந்துதற்கு நான்கு பங்கு. இறந்தோரின் உயிர் எக்கணக்கிலும் அடங்காது.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. ஆலைக் கழிவு, வாகனத் திருத்தகத்துக் கழிவெண்ணெய், பழைய பற்றறி ஆகியன வாய்க்காலிலோ கிணற்றருகிலோ சேர இடங்கொடாதீர்கள்.

2. நகரக் குப்பையாற் செய்த கூட்டெருவை, உலோகப் பரிசோதனை செய்யப்பட்டதா என விசாரித்தே வாங்குங்கள். கீரை வகைகள் கட்மியத்தை எளிதில் உறிஞ்சுவன.

3. பொசுபேற்றுப் பசளைகளிலும் சிறிதளவு கட்மியம் இருப்பதுண்டு. மண்பரிசோதனை கூறும் அளவுக்கு மேல் இடுவது பணத்துக்கும் மண்ணுக்கும் கேடு.

4. புளிப்பு மண்ணிற் பயிர் கட்மியத்தை மிகுதியாக உறிஞ்சும். பரிசோதனையின்படி சுண்ணாம்பிட்டால் அது குறையும்.

5. கதிர் வெளிவருங் காலத்தில் வயலில் நீர் நின்றால் நெல்மணியிற் சேரும் கட்மியம் குறையும். ஆனால் மண்ணில் ஆசனிக்கு இருப்பின் அது மிகும். ஆதலின் இம்முறையைப் பரிசோதனையின்றிக் கையாளலாகாது.

நீரில் எண்ணெய்ப் படலமோ, வழக்கத்துக்கு மாறான நிறமோ மணமோ கண்டால், கண்ட நாளையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, தாமதமின்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு அறிவியுங்கள். கண்ணுக்குத் தெரியாத நஞ்சும் உண்டாகையால், அயலில் ஆலையோ குப்பைமேடோ இருப்பின் நீரையும் மண்ணையும் பரிசோதிக்கக் கேளுங்கள். நஞ்சு வந்த வழியை முதலில் அடைக்க வேண்டும்; மண்ணைத் திருத்துதல் அதன் பின்னரே. வழியை அடைக்காது மண்ணை மாற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும்.