சௌரி சௌராவும் மூவகை வினையும்

கொல்லாமை நம் இல்லங்களில் பெரும்பாலும் அடுக்களையோடு நின்றுவிடுகின்றது. இரவுணவு தவிர்க்கிறோம், நீரை வடிகட்டிப் பருகுகிறோம், கிழங்கு விலக்குகிறோம். எங்கோ ஓர் ஊரில் கலகத்தில் வண்டிகள் எரிந்த செய்தியை நாளிதழில் படித்துவிட்டு, "அவர்களுக்கு வேண்டியதுதான்" என்று கூறிப் பக்கத்தைப் புரட்டுகிறோம். அச்சொல்லுக்கும் வினைக்கட்டு உண்டோ எனப் பிள்ளைகள் வினவினால் விடை கூறத் தெரிந்திருக்க வேண்டும். இதற்கு 1922-இல் நிகழ்ந்த சௌரி சௌரா நிகழ்ச்சியைப் பாடமாகக் கொள்வோம்.

அவ்வூர் அன்றைய ஐக்கிய மாகாணத்தில் கோரக்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1919-இல் ரௌலட் சட்டமும், அதனை அடுத்து ஜாலியன்வாலா பாக் படுகொலையும் மக்கள் உள்ளத்தைப் புண்படுத்தியிருந்தன. 1920-இல் காந்தியடிகள் ஒத்துழையாமையைத் தொடங்கினார். 1921-இன் இறுதியில் அரசு தொண்டர் படைகளைத் தடை செய்து, ஆயிரக்கணக்கானோரைச் சிறையிலிட்டது. முறையிடும் வாயில்கள் ஒவ்வொன்றாய் அடைபட்டால் சினம் எங்கே செல்லும்? கலகத்தின் வேரை ஆராய்வோர் முதலில் இதனைக் கருத வேண்டும்.

சௌரி சௌராவை அடுத்த கடைவீதியில் கள், சாராய விற்பனையையும் உணவுப் பொருள்களின் விலையேற்றத்தையும் எதிர்த்துத் தொண்டர்கள் மறியல் செய்தனர். அவர்களுள் பகவான் அகிர் என்னும் முன்னாள் படைவீரரைக் காவல் அதிகாரி அடித்தார். அதற்கு நியாயம் கேட்கவே பிப்ரவரி 4-ஆம் நாள் பெருங்கூட்டம் ஊர்வலமாகச் சென்றது. கைகலப்பு மூண்டது, காவலர் சுட்டனர், கூட்டத்தில் மூவர் மாண்டனர். குண்டுகள் தீர்ந்தபின் காவலர்கள் நிலையத்துள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டனர். கூட்டத்தார் நிலையத்திற்குத் தீ வைத்தனர். 20-க்கும் மேற்பட்ட காவலர் மடிந்தனர்.

இல்லறத்தார் செய்ய நேரும் இம்சையை நம் நூல்கள் நால்வகையாகப் பகுக்கின்றன: சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம். தன்னையும் பிறரையும் காக்கும் பொருட்டு நேர்வது விரோத இம்சை. அணுவிரதியால் அதனை முற்றும் நீக்க இயலாது. சங்கல்ப இம்சையோ கொல்வேன் என்று எண்ணிக் கொல்வது. அதனை அவர் விலக்கியே ஆகவேண்டும். குண்டு பாய்ந்துகொண்டிருந்த வேளையில் கூட்டத்தார் எதிர்த்ததை விரோத இம்சை எனலாம். துப்பாக்கி ஓய்ந்து, எதிரி கதவடைத்து ஒளிந்த பின் வைத்த தீ எவ்வகை? ஊர்வலம் நியாயமானது என்பதால் தீயும் நியாயமாகிவிடாது. முற்பகலின் நியாயமும் பிற்பகலின் குரோதமும் ஒரே மனிதரிடத்தில் இருந்தன.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் எனும் மூன்றும் வினைக்கு வாயில்கள். தீ வைத்தோர் செய்தோர். செய்வித்தோர் யார்? அடக்குமுறையால் அமைதி வழிகளை அடைத்த அரசுக்கு அதில் பங்குண்டு. பயிற்சி நிரம்பாத மக்களைப் போராட்டத்திற்கு அழைத்த தலைமைக்கும் பங்குண்டு. இப்பங்கைக் காந்தியடிகள் மறைக்கவில்லை. ஐந்து நாள் உண்ணாநோன்பு மேற்கொண்டார். பர்தோலியில் கூடிய காங்கிரஸ் செயற்குழு போராட்டத்தை நிறுத்தியது. சிறையிலிருந்த மோதிலால் நேருவும் சித்தரஞ்சன் தாசும் இதனை ஏற்கவில்லை. ஓர் ஊரார் செய்த பிழைக்கு நாடு முழுதும் ஏன் பின்வாங்க வேண்டும் என்று அவர்கள் கேட்டது எளிதில் தள்ளத்தக்க வினா அன்று. எனினும், அடிகள் கொண்ட நெறிக்கு வேறு வழியிருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

விளைவுகள் பல. மார்ச்சு 10-இல் அடிகள் கைதாகி, ஆறாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1923-இன் தொடக்கத்தில் தாசும் மோதிலாலும் சுயராஜ்யக் கட்சி கண்டனர். அதே ஆண்டு அமர்வு நீதிமன்றம் 172 பேருக்குத் தூக்கு விதித்தது. உயர்நீதிமன்றத்தில் மதன் மோகன் மாளவியா வாதாடினார். 19 பேருக்குத் தூக்கு உறுதியாயிற்று. அவர்கள் ஜூலையில் தூக்கிலிடப்பட்டனர். ஏழை உழவர் குடும்பங்களே இதில் மிகுதியும் அழிந்தன. வரலாற்று நூல்கள் போராட்டம் நின்றதை விரித்துரைக்கும். இக்குடும்பங்களைப் பற்றி ஓரிரு வரியே சொல்லும்.

மூன்றாம் வாயிலாகிய உடன்பாட்டை நான் இறுதிக்கு வைத்ததற்குக் காரணம், அது நமக்குரியது என்பதே. கல்லெறிவாரை வீட்டிலிருந்தே மெச்சுவதும், தடியடியைக் கண்டு மகிழ்வதும் மனத்தாலும் மொழியாலும் உடன்படுதலே.

இன்று சௌரி சௌராவில் மாண்ட காவலர்க்கு ஒரு நினைவுச் சின்னமும், தூக்கிலிடப்பட்டோர்க்கு ஒரு நினைவுச் சின்னமும் உள்ளன. வீட்டில் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் இப்பாடத்தைப் படித்துக்காட்டி, கதவடைத்த பின் கூட்டத்திலிருந்த ஒருவர் என்ன செய்திருக்கலாம் என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லாதீர்கள்.