மடியில் ஓர் அலுவலகம்

பின்வரும் கட்டுரையை வாசித்திடுக.

காலை வேளையில் கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் செல்லும் கொமுட்டர் இரயிலில் ஏறிப் பாருங்கள். பயணிகள் பலரின் முதுகுப்பையில் மடிக்கணினி இருக்கும். பிரிக்பீல்ட்ஸில் வேலை செய்பவருக்கும், வீடு திரும்பி எஞ்சிய பணியைத் தொடர்பவருக்கும் அதுவே மேசை, அதுவே கோப்பறை.

தொடக்கத்தில் கணினியைச் சுமந்து செல்வது எளிதாக இருக்கவில்லை. 1981ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ‘ஆஸ்போர்ன் 1’ எனும் கணினியின் எடை ஏறத்தாழ 11 கிலோகிராம். அது 10 கிலோகிராம் அரிசி மூட்டையைவிடக் கனமானது. இன்றோ பல மடிக்கணினிகள் 1.5 கிலோகிராம் எடைகூட இல்லை.

2020 மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. மேசைக்கணினியை அலுவலகத்தில் விட்டு வந்தவர்கள் தடுமாறினர். மடிக்கணினி வைத்திருந்தவர்களோ சாப்பாட்டு மேசையையே அலுவலகமாக்கிக் கொண்டனர். 2023 ஜனவரி முதல் நாள், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக்கொள்ளத் தொழிலாளர் எழுத்து வழி விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதிலளிக்க வேண்டும். மறுத்தால் காரணத்தையும் தெரிவிக்க வேண்டும்.

தமிழில் எழுதுவோருக்கும் இக்கருவி கைகொடுக்கிறது. மலேசியரான முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கத் தொடங்கிய ‘முரசு’ மென்பொருள் கணினித் தமிழுக்கு வழிவகுத்தவற்றுள் ஒன்று. ஆப்பிள் கணினிகளில் உள்ள ‘தமிழ் சங்கம் எம்.என்.’ எழுத்துருவும் அவர் வடிவமைத்ததே. ‘எம்.என்.’ என்பது அவருடைய பெயரின் முதலெழுத்துகளைக் குறிக்கும்.

எனினும், மடிக்கணினியை நாள் முழுவதும் பயன்படுத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. அதன் திரையும் விசைப்பலகையும் ஒன்றாகப் பிணைந்தவை. விசைப்பலகை கைக்கு வசதியாக இருந்தால், திரை தாழ்ந்து கழுத்து குனியும். திரையை உயர்த்தினால், தோளும் கையும் வலிக்கும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. தடித்த நூல்கள் சிலவற்றின்மீது மடிக்கணினியை வைத்துத் திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்திற்குக் கொண்டு வரலாம். தனி விசைப்பலகையையும் சுட்டியையும் இணைத்துக்கொள்ளலாம். 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடி தொலைவில் உள்ள பொருளை 20 விநாடி பார்த்தால் கண்ணின் களைப்புக் குறையும். மெத்தைமீது வைத்து இயக்கினால் காற்றுத் துளைகள் அடைபட்டுக் கருவி சூடேறும். அவ்வெப்பம் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து மற்றொன்று. எல்லாப் பணியும் ஒரே கருவியில் இருந்தால், அக்கருவி போனால் எல்லாமே போய்விடும். 2021 டிசம்பர் மாதம் கிள்ளான் பள்ளத்தாக்கைத் தாக்கிய பெருவெள்ளத்தை மறக்க முடியுமா? ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் நீரில் மூழ்கின. உயிரைக் காத்துக்கொள்ள வேண்டிய அத்தகைய வேளையில் மடிக்கணினியைத் தேட யாருக்கு நேரம் இருக்கும்? நனைந்த கருவிக்குப் பதில் வேறொன்று வாங்கலாம். அதில் இருந்த கணக்குகளையும் ஆய்வுகளையும் குடும்பப் படங்களையும் எந்தக் கடையில் வாங்குவது?

ஆகவே, முக்கியமான கோப்புகளுக்கு மூன்று படிகள் இருக்கட்டும். அவை இருவகைச் சேமிப்பில் இருக்க வேண்டும். ஒன்றாவது வீட்டிற்கு வெளியே இருக்க வேண்டும். மடிக்கணினியில் ஒன்று, வெளிவன்தட்டில் ஒன்று, மேகச் சேமிப்பில் ஒன்று என வைத்துக்கொள்ளலாம். வாரந்தோறும் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என நம் முன்னோர் சொன்னது கணினிக்கும் பொருந்தும்.

வினாக்கள்

1. மடிக்கணினியை நெடுநேரம் பயன்படுத்துவோருக்குக் கழுத்துவலி ஏற்படக் காரணம் யாது?
2. கோப்புகளின் மூன்று படிகளையும் வீட்டிலேயே வைத்திருப்பது ஏன் போதாது?
3. உன் குடும்பத்தினரின் கோப்புகளைப் பாதுகாக்க நீ மேற்கொள்ளும் நடவடிக்கைகள் இரண்டனை எழுதுக.