கரட் கவர் விடுவது ஏன்?

இரண்டு கால், மூன்று கால் விரித்து, உடம்பெல்லாம் மயிர்வேர் படர்ந்த கரட்டைச் சந்தையில் எவரும் நல்ல விலைக்கு எடுப்பதில்லை. விதை பிழை என்று சொல்லும் தோட்டக்காரர் பலர். பெரும்பாலும் பிழை விதையில் அன்று, மண்ணில்தான் இருக்கிறது.

கரட் முளைத்த முதற் கிழமைகளில் அதன் ஆணிவேர் பருப்பதில்லை. நேரே கீழே இறங்குகிறது. அவ்வேளையில் ஒரு கல்லோ, மண்கட்டியோ, உக்காத எருத்துண்டோ தட்டுப்பட்டால் நுனி பழுதாகும். பின்னர் பக்கவேர்கள் பருக்கும். அதுவே கவர். வலிகாமத்துச் செம்மண் நல்ல மண்தான். ஆயினும் சுண்ணக்கல் கலந்த இடங்களும், நீர் பாய்ச்சிக் காய்ந்ததும் மேற்புறம் இறுகிவிடும் இடங்களும் உண்டு. ஆகவே கரட்டுக்கு முதலில் வேண்டியது பசளை அன்று. ஓர் அடி ஆழத்துக்குப் பொலுபொலுப்பான மண்.

மண்ணை அப்படி ஆக்கும் பொருள்களை நாம் கழிவென்று எரிக்கிறோம். நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமி. 100 கிலோ நெல் குற்றினால் 20 கிலோ உமி மிஞ்சும். தென்னை மட்டையிலிருந்து தும்பு எடுத்தபின் எஞ்சும் தூளோ தன் நிறையைப்போல் ஏழெட்டு மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். பழைய வேலி ஓலையையும் கூரை ஓலையையும் தோட்டத்தில் புதைத்த நம் முன்னோர் இக்கலையை அறியாதவர் அல்லர்.

ஆனால் கழிவை அள்ளிக் கொட்டினால் கிழங்கு விளைந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கேதான் பலர் ஏமாந்து, "சேதனப் பசளை சரிவராது" என்று கைவிட்டார்கள். தும்புத்தூளில் ஒரு பங்கு நைதரசனுக்கு நூறு பங்களவு காபன் உண்டு. உக்கிய நல்ல கூட்டெருவில் அது இருபது பங்களவே. பச்சைக் கழிவை மண்ணிற் கலந்தால் அதை உக்கச்செய்யும் நுண்ணங்கிகள் தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பயிர் பட்டினி கிடந்து இலை மஞ்சளிக்கும். அதற்கு மாறாகப் பச்சை மாட்டெருவை நிறையப் போட்டால் இலை செழிக்கும், கிழங்கு கவர் விடும். இரண்டுமே அவசரத்தின் விளைவுகள்.

அவசரத்தின் விலையை நாடே 2021 இல் கண்டது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. சேதனப் பசளை நல்லதா கெட்டதா என்பதன்று அங்கே எழுந்த கேள்வி. கூட்டெரு உக்குவதற்கு மாதக்கணக்கு வேண்டும். வர்த்தமானி அறிவித்தலுக்காக அது விரைந்து உக்காது. வீட்டில் எருக்குவியல் வைத்திருந்தவர் ஓரளவு தப்பினார், மற்றவர் தவித்தார்.

தும்புத்தூளை முதலில் இரண்டு மூன்று முறை நன்னீரில் ஊறவைத்து வடித்துவிடுங்கள். மட்டை ஊறிய இடத்து உப்பு அதில் இருக்கலாம். பின் சாணக் கரைசலும் கிளிசரியா இலையும் அடுக்கடுக்காகச் சேர்த்து, நிழலில் குவித்து, இடையிடையே புரட்டி, மூன்று மாதமாவது உக்கவிடுங்கள்.

உமிக்கு வேறு வழி. அதில் சிலிக்கா மிகுதி, உக்க நெடுங்காலம் செல்லும். எனவே கரியாக்குவதே நன்று. (உமிக்கரி பல் துலக்க மட்டும் என்று எண்ண வேண்டாம்.) துளையிட்ட தகர டின்னுக்குள் நெருப்பு மூட்டி, மேலே புகை போகக் குழாய் வைத்து, சுற்றிவர உமியைக் குவியுங்கள். உள்ளிருந்து கறுத்துக்கொண்டு வரும். முழுதும் கறுத்ததும், வெண்சாம்பலாகுமுன், நீர் தெளித்துப் பரப்பி ஆறவிடுங்கள். சாம்பலாகிவிட்டால் மண்ணைப் பொலுபொலுப்பாக்கும் குணம் போய்விடும். உமிக்கரி காரத்தன்மை உடையது. நமது சுண்ணக்கல் மண்ணிலும் பல இடங்களில் காரம் உண்டு. காரம் மிஞ்சினால் போறன் சத்துப் பயிருக்குக் கிட்டாமல் பீற்றூட்டின் உள்ளே கறுப்பு விழும். ஆகவே அளவோடு சேருங்கள்.

வீட்டுத் தோட்டத்துக்கு மண் இரண்டு கடகம், உக்கிய கூட்டெரு ஒரு கடகம், உமிக்கரி அரைக் கடகம் என்ற அளவில் தொடங்கலாம். கல் பொறுக்கி, கட்டி உடைத்து, பாத்தியை உயர்த்துங்கள். பீற்றூட் நாற்றைப் பிடுங்கி நடலாம். கரட்டை விதைத்த இடத்திலேயே வளரவிட வேண்டும்.

இன்னொன்று. எரு இயற்கையானது, எவ்வளவு போட்டாலும் தீங்கில்லை என்பது தவறான எண்ணம். யூரியாவைப் போலவே மாட்டெருவிலிருந்தும் நைத்திரேற்று உண்டாகும். நமது நிலத்தின் கீழிருப்பது வெடிப்பும் பொந்தும் உள்ள சுண்ணக்கல். மேலே போட்டதில் பயிர் எடுக்காததை மழை கிணற்றுக்கே கொண்டுபோகும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. யாழ்ப்பாணத்துத் தோட்டப் பகுதிக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. அந்நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைக்கே ஆபத்து முதலில் வரும். எனவே எருக்குவியலைக் கிணற்றுக்குத் தூரத்தில் வையுங்கள். மாரிமழைக்கு மூடியும் வையுங்கள்.

கூட்டெரு உக்கிவிட்டதா என்பதைக் கைவிட்டுப் பாருங்கள். சூடு இருக்கலாகாது, மண்வாசம் வீசவேண்டும். ஐயம் இருந்தால் ஒரு சிரட்டையில் அதை நிரப்பிப் பத்துப் பயறு போடுங்கள். ஒரு கிழமைக்குள் பயறு ஒழுங்காக முளைத்து இலை பச்சையாய் நின்றால் பாத்தியிற் கலக்கலாம். முளை கருகினால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்.