கைப்பிடியில் அடித்த ஷாக்

கேள்வி: டெக்சஸில் வசிக்கிறோம். பழைய டிராவல் டிரெய்லர் ஒன்று வாங்கினோம். வீட்டு கராஜின் ஜி.எஃப்.சி.ஐ. பிளக்கில் சொருகினால் உடனே ட்ரிப் ஆகிறது. டிரெய்லரின் பிரேக்கர்களை எல்லாம் அணைத்தாலும் அதே கதை. கேம்ப்கிரவுண்டின் 30 ஆம்பியர் பிளக்கில் எல்லாம் ஓடுகிறது. ஆனால் போன வாரம் மழை ஈரத்தில் வெறுங்காலோடு ஏறிய மகனுக்குக் கைப்பிடியில் சுருக்கென்று ஷாக் அடித்தது. கராஜில் சாதாரண பிளக் மாட்டிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் 5 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறுபட்டாலே ஜி.எஃப்.சி.ஐ. பிளக் வெட்டிவிடும். கேம்ப்கிரவுண்டின் 30 ஆம்பியர் பிளக்கில் பொதுவாக இந்தக் காவல் கிடையாது. கோளாறோடுதான் அங்கே ஓடியிருக்கிறது.

மகனுக்கு அடித்த ஷாக்தான் எனக்குப் பெரிய கவலை. டிரெய்லர் ரப்பர் டயர் மேல் நிற்கிறது. கசியும் மின்சாரத்துக்கு எர்த் வயர்தான் வழி. அது சரியாக இருந்திருந்தால் கைப்பிடி ஷாக் அடித்திருக்காது. ஆகவே உங்களுக்குக் கோளாறு இரண்டு: எங்கோ கசிவு, எங்கோ எர்த் துண்டிப்பு. இரண்டும் தீரும்வரை வண்டிக்கு கரண்ட் கொடுக்காதீர்கள். மண்ணில் கம்பி அடித்து எர்த் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த மண்ணின் தடை 25 ஓம் என்றால் 120 வோல்ட்டில் 5 ஆம்பியர்கூடப் பாயாது. 30 ஆம்பியர் பிரேக்கர் விழாது, வண்டியின் உடம்பில் மின்சாரம் அப்படியே நிற்கும்.

கேபிளைக் கழற்றி, ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் இருந்தால் அவற்றையும் நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். கேபிள் பிளக்கின் எர்த் முனைக்கும் வண்டியின் பெயின்ட் இல்லாத இரும்புக்கும் இடையே மல்டிமீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும். கேபிளை பிளக்கில் சொருக அடாப்டர் பயன்படுத்தினால் அதையும் இப்படியே பாருங்கள். இவை சரியென்றால் கேம்ப்கிரவுண்டின் பிளக்கில்தான் எர்த் இல்லை. மற்றவர்களுக்கும் ஆபத்து, உடனே நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.

பிரேக்கரை அணைத்தும் ட்ரிப் ஆவது நல்ல துப்பு. பிரேக்கர் ஃபேஸை மட்டுமே வெட்டும், நியூட்ரல் இணைந்தே இருக்கும். வண்டிக்குள் நியூட்ரலும் எர்த்தும் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கின்றன. அவை சேர வேண்டிய இடம் வீட்டின் மெயின் பேனல் மட்டும்தான். வண்டியின் பேனலில் நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த்தோடு அளந்தால் குற்றவாளி சிக்கும்.

என் முதல் சந்தேகம் வாட்டர் ஹீட்டரின் எலிமென்ட் மீது. தொட்டியில் தண்ணீர் இல்லாமல் போட்டால் உறை வெடித்து உள்கம்பி வெளிப்பட்டுவிடும். ஸ்விட்ச் போட்டால் கசிவு. அணைத்தால் நியூட்ரல் பக்கத் தொடர்பு. இரண்டு வயர்களையும் கழற்றி அளந்து பாருங்கள்: 1440 வாட் எலிமென்டின் முனைகளுக்கு இடையே சுமார் 10 ஓம் வரும். முனைக்கும் தொட்டிக்கும் இடையே மீட்டர் எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் எலிமென்டை மாற்றுங்கள். அது தப்பித்தால் ஃபிரிட்ஜின் ஹீட்டர், வெளிப்புற பிளக் பெட்டியின் ஈரம், பழைய உரிமையாளர் பேனலில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிட்ட ஒட்டுவேலை என்று வரிசையாகப் பாருங்கள்.

பேனலைத் திறந்து பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். புது எலிமென்ட் மாட்டியபின், சுடுநீர்க் குழாயில் தண்ணீர் காற்றில்லாமல் சீராக வந்த பிறகே ஹீட்டர் ஸ்விட்சைத் தொடுங்கள்.