உங்கள் வயலில் எந்த எலி?

கதிர் வெட்டுப்பட்டுக் கிடந்தால் “எலி வந்துவிட்டது” என்கிறோம். எந்த எலி என்று கேட்பதில்லை. வீட்டு எலி கப்பலேறி உலகெங்கும் பரவியது. நிகோபார் எலியோ (ரேட்டஸ் பால்மாரம்) அத்தீவுகளை விட்டு வேறெங்கும் காணப்படுவதில்லை. நம் வயல் எலிகளும் இனத்திற்கு ஏற்ப இடம் தேர்கின்றன. இனம் தெரிந்தால் ஒழிப்பது எளிது.

பூந்தமல்லி, ஆவடிப் பகுதி விவசாயிகள் அறிய வேண்டியவை நான்கு:

1. கரம்பை எலி (பேண்டிகோட்டா பெங்காலென்சிஸ்): தடித்த உடல், வால் உடலைவிடக் குட்டை. ஈரமான வரப்பில் வாழும். வளை வாயில் புது மண் குவிந்திருக்கும். கதிரை அறுத்து வளைக்குள் சேமிக்கும். நெல்லுக்குப் பெரும் பகை இதுவே.

2. வெள்ளெலி (டட்டீரா இண்டிகா): வெண்ணிற வயிறு; நீண்ட வாலின் நுனியில் மயிர்க்கற்றை. மணற்பாங்கான தோட்டக்கால் நிலத்தில் இருக்கும். தப்பியோட மாற்று வழி வைத்திருக்கும்.

3. புல் எலி (மில்லார்டியா மெல்டாடா): மென்மையான மயிர். மண் வெடிப்பிலும் ஆழமில்லாத வளையிலும் தங்கும்.

4. வயல் சுண்டெலி (மஸ் பூடுகா): மிகச் சிறியது, வளை வாயும் சிறியது.

செய்ய வேண்டியவை: மாலையில் எல்லா வளைகளையும் சேற்றால் அடையுங்கள். மறுநாள் காலையில் திறந்திருப்பவற்றில்தான் எலி உண்டு. அவற்றை மட்டும் வெட்டுங்கள். வளை வாயைப் பார்த்தே எலியின் இருப்பைச் சொல்லும் இருளர் மக்களின் துணை கிடைத்தால் நல்லது. வெள்ளெலி வளையானால் மாற்று வழியை முதலில் அடைத்துவிடுங்கள்.

கரம்பை எலிக்கு அகன்ற வரப்பே வீடு. ஆகவே நடவுக்கு முன் வரப்பைச் செதுக்கி, 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்திற்கு மிகாமல் அமையுங்கள். எலித் தடங்களில் தஞ்சாவூர் கிட்டி வையுங்கள். ஆந்தை அமர ‘டி’ வடிவக் குச்சி நடுங்கள். கதிர் முற்றும்போது அதை எடுத்துவிடுங்கள். இல்லையேல் தானியம் தின்னும் பறவைகள் அதில் அமரும்.

இப்பகுதியில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீட்டுமனைகளுக்கு நடுவே பல வயல்கள் தீவுபோல் நிற்கின்றன. பக்கத்துக் காலி மனையின் புதரில் பதுங்கும் எலி, உங்கள் கதிருக்கே வரும். நீங்கள் ஒருவர் மட்டும் வளை வெட்டினால் விரைவில் பக்கத்து எலி குடியேறிவிடும். எனவே சொர்ணவாரி, சம்பா, நவரை எதுவாயினும் நடவுக்கு முன்பே அண்டை நிலத்தாரையும் மனைக்காரர்களையும் அழைத்து, ஒரே வாரத்தில் புதரை அகற்றி வளைகளை வெட்டுங்கள்.

இன்று மாலையே வரப்பைச் சுற்றி வாருங்கள். வளை வாயில் உள்ள மண்ணைப் பாருங்கள். எந்த எலி என்பதை அதுவே சொல்லும்.