எண்ணெய் வடிகால் திருகில் மரைப் பழுது

1955-இல் சென்னையில் நிறுவப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட் முதல் இன்றைய வண்டிகள் வரை, மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அடிக்கூடு பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகத்தால் வார்க்கப்படுகிறது; எண்ணெய் வடிக்கும் திருகோ பெரும்பாலும் எஃகினால் ஆனது. ஆகவே அளவு மீறி முறுக்குங்கால் மென்மையான அலுமினிய மரையே சிதைகிறது. வழியில் திருகு கழன்று எண்ணெய் முழுதும் வடிந்தால், எஞ்சின் இறுகி நின்றுவிடும்.

நூலைச் சுற்றி இறுக்குவது தீர்வாகாது. எண்ணெயை வடித்தபின் துளையைச் சற்றே பெரிதாக்கி, உரிய டாப்பினால் நேராக மரை வெட்டி, துருவேறா எஃகுக் கம்பிச்சுருளைப் பதித்தல் வேண்டும். பழைய திருகே அதிற் பொருந்தும். டாப்பில் கிரீஸ் பூசினால் உலோகச் சீவல் அதில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சியதைச் சிறிது எண்ணெய் ஊற்றி அலசி வெளியேற்றுக. சுருளின் வால்துண்டை ஒடித்து எடுக்கவும் மறவற்க.

இனிப் புதிய வாஷர் இட்டு, முதற்சுற்றுகளைக் கைவிரலால் திருகி, கையேடு கூறும் அளவுக்கே முறுக்குக.